ஒரே பிளக், நான்கு மின்னழுத்தம்: கணினிக்கு நாமே ஒரு மின்வழங்கி வடிவமைப்போமா?

மாணவர்களே, பழுது பார்ப்பவர் ஒரு மேசைக் கணினியின் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மின்கம்பி வந்து சேரும் மூலையில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் மின்வழங்கி. அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில் +12 வோல்ட், +5 வோல்ட், +3.3 வோல்ட், −12 வோல்ட் என்று ஒரு பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். சுவரிலிருந்து அந்தப் பெட்டிக்குள் போவது 230 வோல்ட் மட்டுமே. அதுவும் வினாடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுதிசை மின்சாரம். வெளியே வருவதோ சலனமில்லாத பல நேர்திசை மின்னழுத்தங்கள்.

ஒன்று எப்படிப் பலவாகிறது? ஒவ்வொன்றும் எப்படித் தன் அளவிலேயே நிற்கிறது? படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்மாற்றிப் பாடமும் கொஞ்சம் கூட்டல் பெருக்கலும் இருந்தால் போதும். அப்படி ஒன்றைத் தாளில் நாமே வடிவமைத்துவிடலாம். எடுத்துக்காட்டாக, வரலாற்றில் பெயர் பெற்ற ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்.

ஏன் நான்கு மின்னழுத்தம்?

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் 2 என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. வீட்டு மேசையில் வைக்கக்கூடிய முதல் தலைமுறைக் கணினிகளுள் அதுவும் ஒன்று. அதற்கு நான்கு மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன: +5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், +12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், −5 வோல்ட்டிலும் −12 வோல்ட்டிலும் கால் ஆம்பியர் வீதம்.

இந்தப் பட்டியல் யாரோ விருப்பத்துக்கு எழுதியது அல்ல. கணக்குப் போடும் சில்லுகள் அக்காலத்தில் 5 வோல்ட்டில் இயங்கின. 4116 என்னும் நினைவகச் சில்லுக்கோ +12, +5, −5 ஆகிய மூன்றும் வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. −5 வோல்ட் முதலில் வர வேண்டும். கடைசியில்தான் போக வேண்டும். வரிசை மாறினால் சில்லு பழுதாகலாம். ஆக, மின்வழங்கி தவறு செய்தால் அதன் விலையைக் கணினி முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த நினைப்பு நம் வடிவமைப்பின் கடைசிப் படி வரை கூடவே வரட்டும்.

பழைய வழி: எடையும் சூடும்

முதலில் எளிய வழியைப் பார்ப்போம். ஒரு பெரிய இரும்பு மின்மாற்றியால் 230 வோல்ட்டைக் குறைக்கிறோம். டையோடுகளால் நேர்திசையாக்குகிறோம். மின்தேக்கியில் தேக்குகிறோம். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இறக்குகிறோம். இதற்கு நேர்கோட்டுச் சீராக்கம் என்று பெயர்.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. சுவர் மின்சாரம் தாழும்போதும் 5 வோல்ட் கிடைக்க வேண்டும் என்பதால், டிரான்சிஸ்டருக்கு முன்னால் சுமார் 9 வோல்ட் வைத்திருக்க வேண்டும். மிச்சமான 4 வோல்ட்டை அது வெப்பமாக்கிக் கழிக்கிறது. 4 வோல்ட் × 2.5 ஆம்பியர் = 10 வாட். பயன்படுவது 5 × 2.5 = 12.5 வாட். கணினிக்குக் கொடுப்பதற்குக் கிட்டத்தட்ட நிகரான அளவு சூடாக வீணாகிறது! மற்ற மின்னழுத்தங்களுக்கும் இதே கதை. பெட்டிக்குள் விசிறி வேண்டும், தடித்த அலுமினியத் தகடு வேண்டும், ஒரு கிலோகிராமை எட்டும் மின்மாற்றியும் வேண்டும்.

ஆப்பிள் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் விசிறியின் இரைச்சலை விரும்பவில்லை. விசிறியே இல்லாத கணினி வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பு ராட் ஹோல்ட் என்னும் பொறியாளரிடம் வந்தது. அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி.

புதிய வழி: திறந்து மூடு

ஒரு சுவிட்சை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது அதன் வழியாக மின்னோட்டம் பாய்கிறது. ஆனால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியம். திறந்திருக்கும்போது மின்னழுத்தம் முழுதாக இருக்கிறது. ஆனால் மின்னோட்டம் சுழியம். திறன் என்பது மின்னழுத்தம் × மின்னோட்டம் அல்லவா? இரண்டு நிலையிலும் ஒன்று சுழியம் என்பதால் பெருக்கற்பலனும் ஏறக்குறைய சுழியம். ஆகவே, டிரான்சிஸ்டரைப் பாதி திறந்த குழாய்போல வைக்காமல், முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் இயக்கினால் வெப்பம் வெகுவாகக் குறையும். நிலை மாறும் அந்தச் சின்னஞ்சிறு நேரத்தில்தான் கொஞ்சம் இழப்பு.

இதையே வினாடிக்கு 50,000 முறை செய்தால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஒரு சுருளின் ஒவ்வொரு சுற்றிலும் எழும் மின்னழுத்தம், காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அதிர்வெண் கூடினால் அதே மின்னழுத்தத்தைக் குறைந்த சுற்றுகளும் சிறிய உள்ளகமும் தந்துவிடும். கிலோகிராம் எடையுள்ள இரும்பு மின்மாற்றியின் இடத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஃபெரைட் மின்மாற்றி போதும். உங்கள் கைத்தொலைபேசி சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவதற்கும் இதுவே காரணம்.

முதல் படி: எவ்வளவு வேண்டும்?

இனி நம் வேலை. நான்கு மின்னழுத்தங்களும் சேர்ந்து கேட்கும் திறனைக் கூட்டுவோம்.

+5 வோல்ட்: 12.5 வாட்
+12 வோல்ட்: 18 வாட்
−5 வோல்ட்: 1.25 வாட்
−12 வோல்ட்: 3 வாட்

மொத்தம் 34.75 வாட். 35 என்று வைத்துக்கொள்வோம். செயல்திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், உள்ளே போக வேண்டியது 35 ÷ 0.8, அதாவது சுமார் 44 வாட். வெப்பமாகப் போவது 9 வாட் மட்டுமே. அதைப் பெட்டியின் உலோக உடலே வெளியேற்றிவிடும், விசிறி தேவையில்லை.

இரண்டாம் படி: சுவரிலிருந்து வருவது என்ன?

230 வோல்ட் என்பது சராசரிக்கு ஒப்பான ஓர் அளவு. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். நாம் சுவர் மின்சாரத்தை மின்மாற்றியில் குறைக்காமல் நேரடியாக டையோடுகளுக்குக் கொடுத்துத் தேக்குகிறோம். எனவே மின்தேக்கியில் நிற்பது இந்த 325 வோல்ட்தான்.

மலேசியாவில் 230 வோல்ட் என்பது 10 விழுக்காடு கூடவோ 6 விழுக்காடு குறையவோ அனுமதி உண்டு. அப்படியானால் சுவரில் 216 முதல் 253 வோல்ட் வரை வரலாம். மின்தேக்கியில் 305 முதல் 358 வோல்ட் வரை நிற்கலாம். நல்ல வடிவமைப்பாளர் நடுவில் உள்ள எண்ணுக்கு மட்டும் வடிவமைப்பதில்லை. இரு கோடிகளுக்கும் சேர்த்தே வடிவமைப்பார்.

மூன்றாம் படி: வாளி வாளியாகச் சக்தி

நாம் பயன்படுத்தப் போகும் அமைப்பின் பெயர் ஃபிளைபேக். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் திரையின் கதிரை மறுபடியும் தொடக்கத்துக்கு இழுத்துவரும் சுற்றிலிருந்து வந்த பெயர் அது.

கிணற்றில் வாளியால் நீர் இறைப்பதைப் போன்றது இதன் வேலை. டிரான்சிஸ்டர் மூடும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது; உள்ளகத்தில் காந்தச் சக்தி நிறைகிறது. அப்போது இரண்டாம் பக்கத்து டையோடுகள் வழி விடுவதில்லை. டிரான்சிஸ்டர் திறந்ததும் மின்னழுத்தத்தின் திசை புரள்கிறது. டையோடுகள் வழி விடுகின்றன. நிறைந்த சக்தி மறுபக்கத்தில் கொட்டுகிறது. ஒரு வாளி நிறைந்து, ஒரு வாளி காலியாகிறது.

ஒரு வாளியில் எவ்வளவு? 44 ஜூலை 50,000-ஆல் வகுத்தால் 0.00088 ஜூல், ஒரு மில்லிஜூலுக்கும் குறைவு. வாளி சிறியது. ஆனால் வினாடிக்கு 50,000 வாளி! நடுத்தூண் 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள ஒரு ஃபெரைட் உள்ளகம் இதைத் தாங்கும்.

நான்காம் படி: எத்தனை சுற்று?

இதுதான் சுவையான பகுதி. ஒரே உள்ளகத்தில் சுற்றிய எல்லாச் சுருள்களிலும் ஒரு சுற்றுக்கு ஒரே அளவு மின்னழுத்தமே எழும். பல மின்னழுத்தங்களைப் பெறும் இரகசியம் அதுவே: வேண்டிய அளவுக்கு ஏற்பச் சுற்றுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் முழுச் சுற்றுகளாகத்தான் சுற்ற முடியும். மூன்றே கால் சுற்று என்பது இங்கே எளிதில் நடவாத காரியம்.

5 வோல்ட் வேண்டுமானால் டையோடில் இழக்கும் 0.5 வோல்ட்டையும் சேர்த்துச் சுருளில் 5.5 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டுக்கு, சற்று வேறு வகை டையோடு என்பதால், 12.8 வோல்ட் வேண்டும். இப்போது மூன்று முயற்சிகள்:

5 வோல்ட்டுக்கு 2 சுற்று என்றால், சுற்றுக்கு 2.75 வோல்ட். 12.8-ஐ அதனால் வகுத்தால் 4.65. 5 சுற்று சுற்றினால் கிடைப்பது 12.95 வோல்ட். ஏறக்குறைய 8 விழுக்காடு அதிகம்.

4 சுற்று என்றால், சுற்றுக்கு 1.375 வோல்ட். வகுத்தால் 9.3. 9 சுற்று சுற்றினால் கிடைப்பது 11.58 வோல்ட். 3.5 விழுக்காடு குறைவு.

3 சுற்று என்றால், சுற்றுக்கு 1.833 வோல்ட். வகுத்தால் 6.98! 7 சுற்று சுற்றினால் 12.03 வோல்ட். அருமை.

ஆகவே 3-க்கு 7 என்பதே நம் தேர்வு. எதிர்மின்னழுத்தங்களுக்கு டையோடைத் திருப்பிப் போட்டால் போதும். அவை கேட்கும் மின்னோட்டம் கால் ஆம்பியர்தான். எனவே −5-க்கு 5 சுற்றும் −12-க்கு 9 சுற்றும் தாராளமாகக் கொடுத்து, மிச்சத்தை மூன்று கால் கொண்ட சிறிய நேர்கோட்டுச் சீராக்கிகளால் கழித்துவிடலாம். இரண்டிலும் சேர்ந்து வீணாவது 2 வாட்டுக்கும் குறைவு. பெரிய இடத்தில் நாம் ஒதுக்கிய பழைய வழி, சிறிய இடத்தில் மிக நல்ல வழியாகிறது.

முதன்மைச் சுருளுக்கு 60 சுற்று வைப்போம். 3 சுற்றில் 5.5 வோல்ட் எழும்போது 60 சுற்றில் 110 வோல்ட் எழும். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும் வேளையில் அதன்மேல் விழுவது 358 + 110 = 468 வோல்ட். அதற்கும் மேலே கணநேரக் கூர்முனை ஒன்று எழும். எனவே 800 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

ஒரு காவலர், நான்கு வாசல்

இனிதான் உண்மையான சோதனை. கணினியின் தேவை நொடிக்கு நொடி மாறும். வட்டு இயக்கி சுழலத் தொடங்கினால் 12 வோல்ட்டில் மின்னோட்டம் பாயும், நின்றால் குறையும். அப்போதும் மின்னழுத்தம் மாறக் கூடாது. இதற்காகப் பின்னூட்டம் வைக்கிறோம். 5 வோல்ட்டை ஒரு சுற்று கவனித்துக்கொண்டே இருக்கும். தாழ்ந்தால் டிரான்சிஸ்டர் சற்று அதிக நேரம் மூடியிருக்கும். வாளி கூடுதலாக நிறையும். ஏறினால் சற்றுக் குறைந்த நேரம்.

ஆனால் இருப்பது ஒரே டிரான்சிஸ்டர், ஒரே வாளி. காவலர் 5 வோல்ட் வாசலை மட்டும் பார்த்தால், 12 வோல்ட் வாசலில் நடப்பது அவருக்குத் தெரியாது. 5 வோல்ட்டில் பளு கூடுகிறது என்று வையுங்கள். கம்பியிலும் டையோடிலும் இழப்பு கூடும். அதை ஈடுகட்டச் சுற்று ஒன்றுக்கான மின்னழுத்தம் உயர்த்தப்படும். பளுவே இல்லாத 12 வோல்ட்டும் கூடவே ஏறிவிடும், கேட்காமலே!

அது 7 விழுக்காடு ஏறி 12.84 வோல்ட் ஆகிறது என்று கொள்வோம். பொதுவாக அனுமதிக்கப்படும் விலகல் 5 விழுக்காடு; 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை. நாம் எல்லை தாண்டிவிட்டோம்.

தீர்வு என்ன? காவலரை இரண்டு வாசலையும் பார்க்கச் சொல்வது. பின்னூட்டத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் டி.எல்.431 என்னும் சில்லு, தன் முனையில் 2.5 வோல்ட் இருக்கிறதா என்று ஒப்பிடும். அந்த முனைக்கு 5 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடையும் 12 வோல்ட்டிலிருந்து இன்னொரு மின்தடையும் இணைக்கிறோம். 5 வோல்ட்டின் சொல்லுக்கு 70 விழுக்காடு மதிப்பு, 12 வோல்ட்டின் சொல்லுக்கு 30 விழுக்காடு மதிப்பு. கணக்குப் போட்டால், 5 வோல்ட் 4.90-க்கு இறங்குகிறது, 12 வோல்ட் 12.58-க்கு இறங்குகிறது. இரண்டுமே சரியான எண்ணில் இல்லை. ஆனால் இரண்டுமே எல்லைக்குள் இருக்கின்றன. பிழையை ஒருவர் தலையில் கட்டாமல் இருவருக்கும் பங்கிட்டோம்.

கடக்கக் கூடாத கோடு

இந்த மின்சுற்றின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. ஒரு பக்கம் 325 வோல்ட். மறுபக்கம் நாம் விரலால் தொடும் இணைப்புகள். இரண்டையும் பிரிப்பது மின்மாற்றியின் காப்புப் பட்டையும், சுற்றுப்பலகையில் விடப்படும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். காவலரின் செய்திகூட அந்தக் கோட்டைக் கம்பி வழியாகத் தாண்டுவதில்லை. ஒளியிணைப்பி என்னும் உறுப்புக்குள் ஒரு சிறு விளக்கு ஒளிர, எதிரே உள்ள டிரான்சிஸ்டர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மிக மலிவான போலிச் சார்ஜர்கள் ஆபத்தாவது இங்கேதான். இடைவெளியைக் குறைத்தாலும் காப்புப் பட்டையை விட்டுவிட்டாலும் சார்ஜர் வேலை செய்யும். தொலைபேசியில் மின்னேற்றமும் ஏறும். குறை தெரியாது, விபத்து நேரும் வரை. மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கி உடனே காலியாவதில்லை. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 325 வோல்ட்டில் 5 ஜூலுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். எனவே மின்வழங்கிப் பெட்டியையோ சார்ஜரையோ ஒருபோதும் திறக்காதீர்கள். இந்த வடிவமைப்பு தாளுக்கு மட்டுமே. கையால் செய்து பழக விரும்பினால், மின்கலத்தில் இயங்கும் குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளை ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

பெருமை யாருக்கு?

ஹோல்ட்டின் மின்வழங்கி விசிறியில்லாமல் இயங்கியது. 1978-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கணினிகள் எல்லாம் ஹோல்ட்டின் வடிவமைப்பையே நகலெடுத்தன என்று ஜாப்ஸ் பிற்காலத்தில் சொன்னார். இந்தக் கதை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் வரலாறு அவ்வளவு நேர்கோடாக இல்லை. எடை குறைய வேண்டிய விண்கலங்களில் 1960-களிலேயே சுவிட்ச் முறை மின்வழங்கிகள் இருந்தன. ஆப்பிளுக்கு முன்பே சில சிறுகணினிகளிலும் வந்துவிட்டன. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி விரைவாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதே பெரிய திருப்பம். 1976-இல் ராபர்ட் மமானோ வடிவமைத்த எஸ்.ஜி.1524, திறந்து மூடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதையும் ஒரே சில்லுக்குள் கொண்டுவந்தது. 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ் வகைக் கணினிப் பெட்டிகளில் பரவலான மின்சுற்றுகளும் ஹோல்ட்டினுடையதைப் போன்றவை அல்ல.

இதனால் ஹோல்ட்டின் திறமை குறைந்துவிடவில்லை. கையில் இருந்த புதிய உறுப்புகளைக் கொண்டு, சிறிய, குளிர்ந்த, நம்பகமான ஒன்றைச் சரியான நேரத்தில் செய்து காட்டினார். ஆனால் பெயர் தெரியாத பலரின் உழைப்பு அவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இன்று நிலை மறுபடி மாறுகிறது. கணினியின் மூளைக்கு இப்போது ஏறக்குறைய 1 வோல்ட் போதும். ஆனால் மின்னோட்டமோ நூறு ஆம்பியரைத் தாண்டலாம். அதைத் தூரத்திலிருந்து கம்பியில் கொண்டுவர முடியாது. எனவே மூளைக்குப் பக்கத்திலேயே சிறு சிறு சுவிட்ச் சீராக்கிகளை வைக்கிறார்கள். பெட்டியிலிருந்து 12 வோல்ட் மட்டும் வந்தால் போதும் என்னும் தரநிலையையும் இன்டெல் வெளியிட்டுள்ளது. நான்கு வாசலுக்கு ஒரு காவலர் என்பது போய், வாசலுக்கு ஒரு காவலர் என்றாகிறது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

நம் மின்மாற்றியில் சுற்றுக்கு 1.833 வோல்ட். இதே மின்மாற்றியிலிருந்து +3.3 வோல்ட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டையோடு இழப்பு 0.5 வோல்ட். எத்தனை சுற்று? கிடைக்கும் மின்னழுத்தம் 5 விழுக்காட்டு எல்லைக்குள் நிற்குமா?

விடை: 3.8 ÷ 1.833 = 2.07. ஆகவே 2 சுற்று. கிடைப்பது 3.67 − 0.5 = 3.17 வோல்ட், சுமார் 4 விழுக்காடு குறைவு. எல்லைக்குள் நிற்கிறது, ஆனால் விளிம்பில். நீங்கள் வடிவமைப்பாளராக இருந்தால் இதை ஏற்பீர்களா, வேறு வழி தேடுவீர்களா? அந்த முடிவை எடுக்கத் தொடங்கும்போதே நீங்கள் பொறியாளராகத் தொடங்கிவிட்டீர்கள்.